சரணம் வரட்டும்

கர்நாடக இசையில் பாட்டை இயற்றியவர் தன் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறார். முத்திரை என்பது அதுதான். பல்லவி, அனுபல்லவி எல்லாம் கடந்து பெரும்பாலும் சரணத்தின் பின்பகுதியில் 'தியாகராஜ' என்றோ 'குருகுஹ' என்றோ 'சியாமகிருஷ்ண' என்றோ ஒரு சொல் காதில் விழும். அதுவரை பாட்டு யாருடையது என்பதை வேறு அடையாளங்களைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும். போன தலைமுறை ரசிகர்கள் பலருக்குக் கச்சேரியின் பாதி சுவாரஸ்யம் இந்த ஊகத்தில் இருந்தது.

மேடையில் ராகம், தாளம், இயற்றியவர் பெயரைப் பாடகர் சொல்வது அன்று அபூர்வம். ஒரு பாட்டு முடிந்து சுருதி சரிபார்த்ததும் அடுத்தது தொடங்கிவிடும். முதலில் ராகத்தைப் பிடிக்க வேண்டும். அது பிடிபட்டதும் அடுத்த கேள்வி, யாருடைய பாட்டு? பக்கத்து நாற்காலிக்காரர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. "தீக்ஷிதர்தானே சார்?" என்று மெல்லக் குனிந்து கேட்கலாம். அவர் கையால் தாளம் போட்டபடியே, தலையைத் திருப்பாமல், "சரணம் வரட்டும்" என்பார்.

வானொலி மட்டும் விதிவிலக்கு. 1938-இல் சென்னை நிலையம் தொடங்கியதிலிருந்து ஒலிபரப்பில் அறிவிப்புக்கு இடம் உண்டு. பாட்டு தொடங்கும் முன்பே விடை வந்துவிடும். என் பெரியப்பாவுக்கு அது பிடிக்காது. அறிவிப்பாளர் பேசத் தொடங்கியதும் ரேடியோவின் குமிழைத் திருகி, சொல் புரியாத அளவுக்கு ஒலியைக் குறைத்துவிடுவார். தம்பூரா கேட்டதும் கூட்டுவார். பிறகு எங்களிடம் கேள்வி தொடங்கும். "என்ன பாஷை?" "தெலுங்கு பெரியப்பா." "நல்லாக் கேளு. விகுதியெல்லாம் 'அம்', 'அம்'னு முடியுதே, அது தெலுங்கா?" அவர் விடையைச் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவே இல்லை. அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வார்.

மொழிதான் முதல் தடயம். முத்துசுவாமி தீக்ஷிதரின் பாட்டுகள் பெரும்பாலும் சமஸ்கிருதம். தியாகராஜர் பெரும்பாலும் தெலுங்கில் பாடினார்; சமஸ்கிருதத்தில் கொஞ்சம் உண்டு. சியாமா சாஸ்திரியும் பெரும்பாலும் தெலுங்குதான். கன்னடம் என்றால் புரந்தரதாசர், கனகதாசர் என்று ஹரிதாசர்கள் பக்கம் மனம் போகும். தமிழ் என்றால் வட்டம் வேறு: முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி, அப்புறம் கோடீஸ்வர ஐயர், பாபநாசம் சிவன்.

அடுத்தது பாட்டின் நடை. தீக்ஷிதர் அவசரப்பட மாட்டார். கோயில் பிராகாரத்தில் நிதானமாக நடந்து வருவதுபோல நீளும் விளம்பகாலம். சுவரங்களுக்கு நடுவே இழைந்து செல்லும் கமகம். முடிவில் சட்டென்று இரட்டை வேகத்தில் ஓடும் மத்யமகால சாகித்யம். அந்த ஓட்டம் வந்துவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்தது. அனுபல்லவி தனியாக இல்லாமல் பல்லவியை அடுத்து ஒரே சமஷ்டி சரணமாக முடியும் கிருதிகளும் அவருடையவற்றில் நிறைய. சாகித்யத்தில் தலத்தின் பெயர், தீர்த்தம், மூர்த்தியின் கையில் இருக்கும் ஆயுதம், மந்திரக் குறிப்பு எல்லாம் அடுக்கிவரும். கமலாம்பா நவாவரணத்தில் முதல் எட்டு கிருதிகளையும் வேற்றுமைக்கு ஒன்றாக, ஆனந்தபைரவி, கல்யாணி, சங்கராபரணம், காம்போதி என்று ராகம் மாற்றிக் கட்டிக்கொண்டே போய், ஒன்பதாவதான ஆஹிரியில் எல்லா வேற்றுமைகளையும் ஒன்றாகக் கோத்திருக்கிறார். இலக்கணம் தெரிந்த காது அந்த வரிசையில் எந்தக் கிருதி ஓடுகிறது என்பதை விகுதியை வைத்தே சொல்லிவிடும்.

தியாகராஜர் அதற்கு நேர்மாறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பேசுகிறவர். ராமனிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்பார், கோபித்துக்கொள்வார், கெஞ்சுவார். பல்லவியின் ஒரே வரி சங்கதிக்குச் சங்கதி வளர்ந்துகொண்டே போகும். பல கிருதிகளில் அனுபல்லவியின் மெட்டே சரணத்தின் பின்பாதியில் திரும்பி வரும். அதைக் கவனிக்கப் பழகிய காதுக்கு முத்திரை வரப்போகும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சியாமா சாஸ்திரியின் பாட்டுகளில் இன்று கிடைப்பவை நூற்றுக்குள் அடங்கும். தஞ்சைப் பங்காரு காமாட்சியைப் பூஜித்த குடும்பம் அவருடையது. அம்பாள் மேல் ஒரு குழந்தையின் உரிமையோடு பாட்டு வந்து, நடுவில் ஸ்வர சாகித்யமும் இருந்து, சாப்பு தாளம் வழக்கமான மூன்றும் நான்குமாக இல்லாமல் நான்கும் மூன்றுமாகத் திரும்பி நடந்தால், அவர் பெயரைத் தைரியமாகச் சொல்லலாம். முத்திரை 'சியாமகிருஷ்ண' என்று வரும். காமாட்சி கிருஷ்ணனின் சகோதரி என்ற உறவைச் சொல்லும் தொடரில் அதை அடிக்கடி கேட்கலாம்.

இல்லாததும் தடயம்தான். மேடையில் கரஹரப்ரியா ஓடுகிறது என்றால் அது தீக்ஷிதர் இல்லை. தியாகராஜருக்கு அந்த ராகத்தில் அருமையான கிருதிகள் பல உண்டு. தீக்ஷிதர் பின்பற்றிய மேள வரிசையிலோ அந்த இருபத்திரண்டாம் இடத்தில் ஸ்ரீராகம் இருக்கிறது. அந்த வழியில் சண்முகப்ரியாவுக்குச் சாமரம் என்று பெயர். ஆகவே ராகத்தின் பெயரை இரண்டு பேரும் ஒரேபோலச் சொல்ல மாட்டார்கள். பெயரைச் சாகித்யத்துக்குள் ஒளித்து வைப்பது தீக்ஷிதர் பாட்டுகளின் பெரிய அடையாளம். ஆபேரியில் அவர் செய்த கிருதி 'வீணாபேரீ' என்று தொடங்குகிறது. வீணை, பேரிகை என்று இரண்டு வாத்தியங்களைச் சொல்லும்போது அவை சேரும் இடத்தில் ராகத்தின் பெயர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதைப் பாடும்போது தைவதத்தையும் கேளுங்கள். அங்கே இருப்பது சுத்த தைவதம். தியாகராஜரின் 'நகுமோமு'வை இன்று ஆபேரி என்றுதான் சொல்கிறோம், ஆனால் மேடையில் கேட்பது சதுஸ்ருதி தைவதம். ஒரே பெயருடைய ராகத்தில் ஒரு சுவரம் மாறியிருப்பதைக் கேட்டே ஆளைப் பிரித்துச் சொல்லலாம்.

தடயங்கள் ஏமாற்றவும் செய்யும். 'தியாகராஜ' என்று காதில் விழுந்த உடனே முடிவு கட்டக்கூடாது. திருவாரூர்க் கோயிலின் சுவாமி பெயரே தியாகராஜர். கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் எனப்படும் தியாகராஜர், தீக்ஷிதர், சியாமா சாஸ்திரி மூவருமே பிறந்த ஊர் அது. தீக்ஷிதர் அந்தச் சுவாமியின் மேல் வேற்றுமைக்கு ஒன்றாகக் கிருதிகள் செய்திருக்கிறார். அவற்றில் தியாகராஜரும் வருவார், குருகுஹனும் வருவான். இரண்டில் எது தெய்வம், எது கையொப்பம் என்பதைக் கேட்பவர்தான் பிரிக்க வேண்டும்.

'ராமதாச' என்ற முத்திரை பத்ராசலம் ராமதாசருக்கும் உண்டு, பாபநாசம் சிவனுக்கும் உண்டு. சிவனின் இயற்பெயர் ராமையா. தெலுங்கா தமிழா என்று பார்த்தால் தீர்ந்துவிடும். 'வேங்கடேச' என்றால் இன்னும் நெரிசல்: அன்னமாசார்யர், தியாகராஜரின் சீடர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவருடைய சீடர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர். பட்டணம் ஐயரிடம் 'வரத வேங்கடேச' என்று வரும். சுவாதித் திருநாள் பத்மநாபனைப் பங்கஜநாபன், ஸரஸிஜநாபன் என்று பெயர் மாற்றி மாற்றி அழைப்பார். தாமரைக்கு சமஸ்கிருதத்தில் எத்தனை சொல் உண்டு என்று தெரியாவிட்டால் அவர் பிடிபட மாட்டார். முழுக்க சமஸ்கிருதம், தேவியின் மேல் மந்திர சாஸ்திரக் குறிப்புகளோடு தீக்ஷிதர் சாயலில் பாட்டு, ஆனால் முத்திரை 'ஸ்ரீவித்யா' என்றால், அவர் மைசூர் மகாராஜா ஜயசாமராஜ உடையார். 1974-இல் மறைந்த அவர் 94 கிருதிகள் செய்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் தஞ்சை நால்வருடையது. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும் தீக்ஷிதரின் சீடர்கள். குருவின் நினைவாகத் தங்கள் நவரத்தின மாலைக் கிருதிகளில் 'குருகுஹ' என்ற சொல்லையே வைத்தார்கள். ஆசானின் கையொப்பம் சீடனின் பாட்டில் வணக்கமாக இருக்கிறது. பாட்டு தெலுங்கு, முத்திரை குருகுஹ என்றால் நிதானிக்க வேண்டும். தீக்ஷிதரும் அபூர்வமாகத் தெலுங்கில் செய்திருக்கிறார். ஆனாலும் நால்வர் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்காமல் விடை சொல்லக்கூடாது.

இன்றைக்கு வருவோம்.

பல்லவியின் முதல் இரண்டு சொற்களை ரசிகர் செல்பேசியில் தட்டுகிறார். இரண்டாவது சங்கதி முடிவதற்குள் ராகம், தாளம், இயற்றியவர், முழு சாகித்யம், பொருள் எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. பாடகர்களே இப்போது ஒலிவாங்கியில் அறிவிக்கிறார்கள். இணையத்தில் ஏறும் பதிவின் தலைப்பிலேயே எல்லா விவரமும் இருக்கிறது. கொரோனா ஆண்டான 2020-இல் மார்கழிக் கச்சேரிகள் வீட்டுக்கே இணையம் வழியாக வந்தன; திரையின் கீழே பாட்டின் பெயர் ஓடப் பார்த்துப் பழகிவிட்டோம். அரங்கில் முன்பின் தெரியாத ஒருவரிடம் குனிந்து கேட்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

இதில் கிடைத்த லாபத்தை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அந்தப் பழைய ஊகம் எல்லோருக்கும் திறந்த விளையாட்டாக இருக்கவில்லை. வீட்டில் ரேடியோவும், பாட்டு தெரிந்த பெரியவர்களும், தெலுங்கும் சமஸ்கிருதமும் காதில் விழும் சூழலும் இருந்தவர்களுக்கே அது வாய்த்தது. எந்தச் சொல் முத்திரை என்பதுகூடச் சொல்லித் தர ஆள் இல்லாமல், பாட்டு நன்றாக இருக்கிறது என்பதோடு எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர். இன்று எந்த ஊரிலிருந்தும், எந்தக் குடும்பத்திலிருந்தும் வரும் ஒரு பிள்ளை, கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டின் பொருளைத் தெரிந்துகொள்ள முடிகிறது. இது சின்ன மாற்றம் இல்லை. இதற்காக அந்தச் செல்பேசி வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

போனது வேறு. பெயர் முதலில் வந்துவிட்டால் காது பெயருக்கு ஏற்பக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. அன்னமாசார்யர் என்று திரையில் பார்த்ததும் பதினைந்தாம் நூற்றாண்டு இசையைக் கேட்பதாக நினைத்துக்கொள்கிறோம். சாகித்யம் அவருடையது, திருமலையின் செப்பேடுகளில் கிடைத்தது. செப்பேட்டில் ராகத்தின் பெயர் உண்டு, மெட்டு இல்லை. நாம் மேடையில் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் அமைத்தவை. அருணாசலக் கவிராயரின் ராம நாடகப் பாட்டுகளிலும் பின்னாளில் மெட்டு மாறியவை உண்டு. பெயர் தெரியாமல் கேட்டிருந்தால், 'இந்தச் சங்கதி நம் காலத்து நடையாக இருக்கிறதே' என்று காது தானே நிமிர்ந்திருக்கும்.

இயந்திரத்தால் இதைச் செய்ய முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒலித்துணுக்கைக் கேட்டுப் பாட்டின் பெயரைச் சொல்லும் ஷாஜாம் போன்ற செயலிகள் இருக்கின்றன. அவை, ஒலியில் எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்ற புள்ளிகளை எடுத்து, ஏற்கெனவே சேமித்து வைத்த பதிவுகளோடு பொருத்திப் பார்க்கின்றன. அதே பதிவு என்றால் சரியாகச் சொல்லும். ஆனால் கச்சேரியில் அதே பாடகரே அதே கிருதியை நேற்றுப் பாடியதுபோல இன்று பாடுவதில்லை. சுருதியும் வேகமும் சங்கதியும் மாறும். அங்கே அவை திணறிவிடும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத்திட்டம் கர்நாடக இசைப் பதிவுகளை முறையாகத் தொகுத்து, ராகத்தைக் கணினி எப்படி அடையாளம் காணலாம் என்று ஆராய்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் பங்கெடுத்தது. ராகத்தின் பிடிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில் நல்ல முன்னேற்றம் உண்டு. ஒரு வாக்கேயக்காரரின் கைவண்ணம் என்று நாம் உணர்வது மொழி, இலக்கணம், தலபுராணம், தாளத்தின் எடுப்பு, கமகம் எல்லாம் சேர்ந்த ஒன்று. அதை மொத்தமாகப் பிடிக்க வேண்டுமென்றால் அத்தனையையும் இயந்திரத்துக்குச் சொல்லித் தர வேண்டும்.

ஊகிக்கும் தேவை தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பது என் எண்ணம். அன்று 'இது யாருடையது?' என்று கேட்டோம். இன்று திரை ஒரு பெயரைச் சொன்ன பிறகு, 'நிஜமாகவே அவருடையதுதானா?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1904-இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீக்ஷிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டார். முத்துசுவாமி தீக்ஷிதரின் தம்பி பாலுசுவாமியின் பேரன் அவர். பாலுசுவாமியே அவரைச் சுவீகாரம் எடுத்து வளர்த்தார். அந்த நூலில் தீக்ஷிதரின் கிருதிகள் 229 சுவரக் குறிப்போடு இருக்கின்றன. பின்னாளில் கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் 'தீக்ஷித கீர்த்தன மாலை' என்று பல பகுதிகளாக வெளியிட்டபோது எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இந்தத் தொகுப்பில் புதிதாக வந்தவை எல்லாவற்றிலும் 'குருகுஹ' முத்திரை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். முத்திரை இருந்தால் போதுமா? நவக்கிரகக் கிருதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிருதிகளும் ஏழு சூளாதி தாளங்களில் அமைந்து 1904 நூலில் இருக்கின்றன. ராகு, கேது இரண்டும் அதில் இல்லை. ஏழு தாளம் ஏழு கிரகத்தோடு முடிந்துவிட்ட பிறகு வந்து சேர்ந்த அந்த இரண்டும் அவருடையவைதானா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். இணையத்தின் பட்டியல்களிலோ ஒன்பதும் ஒரே பெயரின் கீழ் வரிசையாக இருக்கின்றன.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பயன்படும் தடயங்கள் எல்லாம் என் பெரியப்பா கேட்டவைதான். ராகத்தின் பெயர் எந்த மேள மரபைச் சேர்ந்தது? கமகம் அந்தக் குடும்பத்தின் வழியில் இருக்கிறதா? மத்யமகாலம் இயல்பாக வருகிறதா, ஒட்டவைத்ததுபோல இருக்கிறதா? சமஸ்கிருதம் பிழையில்லாமல் நடக்கிறதா? இன்றைய மாணவர்களுக்கு அன்று யாருக்கும் இல்லாத வசதியும் உண்டு. தெலுங்கு எழுத்தில் இருந்த அந்த நூலை மியூசிக் அகாடமி தமிழில் ஐந்து பகுதிகளாகக் கொண்டுவந்தது. இப்போது இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஒரே கிருதியை டி.கே. பட்டம்மாள் எப்படிப் பாடினார், எம்.டி. ராமநாதன் எப்படிப் பாடினார் என்று அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம். அப்படிக் கேட்கும் இளைஞர்கள் சிலரை நான் அறிவேன். பாட்டின் தலைப்பைப் பார்க்காமல் கேட்டுவிட்டுத் தங்கள் ஊகத்தை எழுதி வைத்து, அப்புறம் நூலைத் திறக்கிறார்கள். அவர்கள் பிரிக்கும் நுட்பம் முந்தைய தலைமுறைக்கு வாய்த்திருக்காது.

பாடகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, முக்கியமாகத் தமிழ்ப் பாட்டுகளைப் பற்றி. தியாகராஜர் கிருதியில் முத்திரை உள்ள சரணத்தை விடாமல் பாடும் மரபு உறுதியாக இருக்கிறது. பல சரணங்கள் உள்ள தமிழ்க் கீர்த்தனைகளுக்கு அந்த மரியாதை எப்போதும் கிடைப்பதில்லை. கச்சேரியின் கடைசிப் பகுதியில், நேரம் நெருங்கும்போது, ஒரே ஒரு சரணத்தைப் பாடிப் பல்லவிக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு முத்திரை கடைசிச் சரணத்தில் இருக்கிறது. அதனால் தமிழில் பாடப்படும்போதே, தமிழ் தெரிந்த அரங்கில், இயற்றியவர் பெயர் தெரியாமல் போகிறது. கோபாலகிருஷ்ண பாரதி நந்தனுக்காக அழுது பாடிய பாட்டில் தன் பெயரையும் ஓரமாக வைத்திருக்கிறார். இன்னும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு அந்தச் சரணத்தையும் பாடினால் அது கேட்கும்.